கோப்பில் இல்லாத உச்சி வெயில்

பேச்சிக்கனியின் சிறுநீரகம் ஒன்பது வருடமாக ஒரு நொடிகூட நிற்கவில்லை. எங்கள் பிரச்சினையே அதுதான்.

அவள் உடம்புக்குள் இருப்பவற்றைச் சொல்லவில்லை. அவை உப்பள வெயிலில் என்றைக்கோ சுருங்கிப்போயின. நான் சொல்வது இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட்டை. ரத்தத்தை வாங்கி, சுத்தம் செய்து, மிச்சத் தண்ணீரைப் பையில் தள்ளிவிட்டு, ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும். வேப்பலோடைப் பக்கம் உப்பு வாருகிறவர்களில் பாதிப்பேர் இடுப்பில் இது உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சோதனைக்கென்று கொண்டுவந்து கட்டிவிட்டது. பிறகு, வெப்ப நாடுகளுக்கு இந்தக் கருவி ஒத்துவராது என்று ஓர் அறிக்கை விட்டு, கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டது.

போனவர்கள் சும்மா போகவில்லை. நிரல்களைச் சேர்த்து வைத்திருந்த களஞ்சியத்தையும் மூடிவிட்டுப் போனார்கள். நின்றுபோன பெல்ட்டை மறுபடி உயிர்ப்பித்தால், தனக்கு வேண்டிய நிரல்களை அது கம்பெனியின் களஞ்சியத்திடம் கேட்கும். பதில் வந்தால் ஓடும். வராவிட்டால் இடுப்பில் கட்டிய செங்கல். ஓடிக்கொண்டிருக்கிறவரை கவலையில்லை. ஆனால் பேட்டரிக்கு ஆயுசு உண்டு, பேட்டரியை மாற்ற வேண்டுமென்றால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். சுடலைமணி அண்ணனின் பேட்டரி வீங்கி நின்றபோது அவரை லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலை அவர் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் முடிவெடுத்தோம். சொந்தக் களஞ்சியம். உப்பு மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கியில் ஒரு சர்வர், ஒரு கண்ணாடித் தொட்டி, இரண்டு மின்விசிறி. நான் அங்கே இரவுப் பணியில் பெல்ட்டுகளின் சிக்னலைப் பார்க்கிறவன். பகலில் தூங்க வேண்டியவன். அந்த மாதம் தூங்கவில்லை.

நிரல்கள் தனசிங் அண்ணாச்சியிடம் இருந்தன. கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர். நாசரேத்துக்காரர். கம்பெனி போன பிறகும் ஊரைவிட்டுப் போகாத ஒரே ஆள். எல்லாக் கோப்புகளையும் ஒரு பென்டிரைவில் வைத்திருந்தார். அதைப் பொதியாகக் கட்டி எங்கள் களஞ்சியத்தில் ஏற்றினால், பெல்ட்டைக் கம்பெனிக்குப் பதிலாக எங்களிடம் கேட்க வைக்கலாம். சுலபம் என்றுதான் நினைத்தோம்.

"எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க," என்றார் டாக்டர் ரஹ்மத் நிஷா. காயல்பட்டினத்திலிருந்து வாரம் இரண்டு முறை பெல்ட்காரர்களைப் பார்க்க வருவார். புரியாததற்குத் தலையாட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. "எதுக்கு இதை லிஸ்ப்ங்கற பழைய கம்ப்யூட்டர் மொழியில எழுதினாங்க? யாருமே அதுல எழுதறதில்லைங்கறாங்களே?"

"நிறுத்த முடியாத மெஷினுக்கு அதுதான் டாக்டர் சரி," என்றார் தனசிங். "ஓடுற பஸ்ஸுல டயர் மாத்துற மாதிரி. ஒரு ஃபங்ஷன் தப்புன்னா, பெல்ட் ஓடிக்கிட்டிருக்கும்போதே கேபிளைச் சொருகி, புதுசை அடிச்சு உள்ள விட்டா போதும். அடுத்த துடிப்புலேர்ந்து புதுசு ஓடும். நோயாளிக்குத் தெரியவே தெரியாது."

"பொதின்னா?"

"பம்பு ஓட்ட ஒரு லைப்ரரி, ரத்தத்துல உப்பு பார்க்க ஒண்ணு, தண்ணி கணக்குக்கு ஒண்ணு. எதுக்கு முன்னாடி எது ஏறணும், எந்தப் பதிப்புக்கு எது ஒத்துப்போகும்னு மேல சீட்டு ஒட்டி மூட்டையாக் கட்டினா அதான் பொதி. உலகத்துல எந்த மூலையில இருக்கிற பெல்ட்டும் வாங்கி விரிச்சுக்கலாம்."

"அப்ப விரிச்சுக் காட்டுங்க."

விரித்துக் காட்டினோம். தொட்டிக்குள் ரத்தத்தைப் போலக் கலந்த திரவம், அதைச் சூடாக்க ஹீட்டர், ஒரு முழுநாள் உழைப்பை நடித்துக் காட்டும் நிரல். அடியில் வெற்று பெல்ட். பொதி அழகாக ஏறியது. காலை வேலை முழுவதும் பெல்ட் பிசகாமல் ஓடியது. உச்சி வெயில் கட்டம் வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டி ஏற்கனவே வேர்வையாகத் தண்ணீரை இழந்துகொண்டிருந்தது. அது தெரியாமல் பெல்ட் மேலும் உறிஞ்சியது. மனிதனாக இருந்தால் ரத்த அழுத்தம் விழுந்து உப்புப் பாத்தியிலேயே சாய்ந்திருப்பான்.

மறுபடி கட்டினோம். மறுபடி உச்சி வெயிலில் சிவப்பு. வேறு பதிப்பை வைத்தோம். சிவப்பு.

"ஃபைல் தப்பு அண்ணாச்சி," என்றேன்.

"ஃபைல் சரி. உன் தொட்டிதான் தப்பு."

"தொட்டிக்கு என்ன தெரியும்? சூடு பண்ணினா சூடாகும்."

"ஏல, நான் எழுதினது. இதே ஃபைல்தான் ஊரு முழுக்க இடுப்புல ஓடுது. யாராவது மத்தியானம் விழுந்தாங்களா? சொல்லு பார்ப்போம்."

யாரும் விழவில்லை. மே மாதத்திலும் விழவில்லை. அதே நிரல் மனிதன் இடுப்பில் சரியாகவும் எங்கள் தொட்டியில் தப்பாகவும் ஓடியது. ஒருவன் பைத்தியம் பிடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பேச்சிக்கனி அக்கா வந்தபோது நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தோம். அவள் சங்கச் செயலாளர். கூட்டத்தில் மைக் வேண்டாம் என்பாள், தேவையும் இருக்காது. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, இடுப்பில் இந்த ஊரின் முதல் பெல்ட். சோதனைக்கு ஆள் வேண்டும் என்று கம்பெனி கேட்டபோது ஊரே பின்வாங்க, இவள்தான் முன்னால் வந்தாளாம். அன்று அந்த பெல்ட்டில் மஞ்சள் விளக்கு மின்னியது.

"என்னல பிரிட்டோ, இது ரெண்டு நாளா கண்ணடிக்குது?"

நான் பார்த்தேன். தனசிங் பார்த்தார். இருவரும் டாக்டரைப் பார்த்தோம்.

"பேட்டரி," என்றார் டாக்டர். "இந்த வாரம் தாங்கும். அடுத்த வாரம் சொல்ல முடியாது."

அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "சரி. மூட்டை ரெடியா?"

"மத்தியானத்துல மட்டும் கோளாறு," என்றேன்.

"நமக்கு மத்தியானந்தான வேலையே. ராத்திரி தூங்குறவனுக்கு எதுக்குல பெல்ட்டு?" தனசிங் பக்கம் திரும்பினாள். "தம்பி, மொதல்ல எனக்கு மத்தியானம் கெறக்கம் வரும்லா? நீங்க வந்து சரி பண்ணுவியளே, அதைத்தான இவன் சொல்லுதான்?"

"ஆமாக்கா. அதெல்லாம் ஃபைல்ல இருக்கு."

"எப்ப ஏத்துனிய?"

"அன்னன்னிக்கு சாயங்காலம் ரூமுக்குப் போயி…"

"எந்தச் சாயங்காலம்?" அக்கா சிரித்தாள். "பாத்திக்குள்ள கணுக்கால் தண்ணியில நின்னு, அந்த லேப்டாப் பெட்டியை நெஞ்சோட சேத்து வச்சுக்கிட்டுத் தட்டுவிய. வேத்து ஊத்தும். 'இப்ப எப்படிக்கா இருக்கு'ம்பிய. நல்லாருக்குன்னா பெட்டியை மூடிட்டு பஸ்ஸுக்கு ஓடுவிய. பஸ்ஸுல ஏறினதும் தூங்கிருவேன்னு நீங்கதான் சொன்னிய. மறுநா வந்து அடுத்ததைத் தட்டுவிய. எந்த ரூமுல போயி என்னத்தை எழுதுனிய?"

தனசிங் பென்டிரைவைச் சொருகி, கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தார். அவர் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தைய தேதி.

லிஸ்ப்பில் வேலை செய்கிறவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வேறெதிலாவது எழுதியிருந்தால் கோப்பைத் திருத்தாமல் மெஷினைத் திருத்த முடியாது. இதில் முடியும். ஓடுவதைத் திருத்தினார், சரியாக ஓடியது, சரியாக ஓடுவதை யாரும் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. உப்பளத்து வெயில் முழுவதும் பெல்ட்டின் நினைவில் இருந்தது. கோப்பில் இருந்தது, நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு வெளிநாட்டு நோயாளி.

"அப்ப மத்தவங்க பெல்ட்டு?" என்று கேட்டார் டாக்டர். "அதுலயும் இந்தத் திருத்தம் இருக்கில்ல? பேட்டரி நல்லா இருக்கிற ஒண்ணுலேர்ந்து எடுக்கலாமே?"

"இருக்கு. அக்கா பெல்ட்டுல சரியானதும், அவங்கவங்க எடையைப் போட்டு, மெஷின் மொழிக்கு மாத்தி எல்லாத்துக்கும் தள்ளிவிட்டேன்." தனசிங்கின் குரல் இறங்கிவிட்டது. "அது ஓடும் டாக்டர், படிக்க முடியாது. அரைச்ச மாவுலேர்ந்து அரிசி எடுக்கச் சொல்லுதிய."

"அக்கா பெல்ட்டுல?"

"அதுலயும் மாவுதான்."

"கேட்டுப் பார்த்தீங்களா?"

"எதைக் கேக்க?"

"பெல்ட்டை. ஓடும்போதே பேசலாம்னு இப்பதான சொன்னீங்க. நான் நோயாளிகிட்ட கேக்காம ஸ்கேன் எழுத மாட்டேன்."

நான் கேபிளை எடுத்து அக்காவின் இடுப்பில் சொருகினேன். அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள், ஊசி போட வந்தவனிடம் கை நீட்டுவதைப் போல. பம்பு ஓட்டும் ஃபங்ஷனை உனக்குள் எப்படி வைத்திருக்கிறாய் என்று பெல்ட்டிடம் கேட்டேன். 'மெஷின் மொழிக்கு மாற்றப்பட்டது' என்று ஒற்றை வரி வந்தது. மாவு. ரத்தத்தின் உப்பைப் பார்ப்பது? மாவு. வேர்வைக் கணக்கு?

திரை நிறைய எழுத்து வந்தது. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக, அடித்தவன் அடித்தபடியே, முழு நிரல்.

தனசிங் என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். "இது… நான் அடிச்சது."

"மாவுன்னிய?" என்றாள் அக்கா.

"ஃபைல்லேர்ந்து ஏத்தினாத்தான் பெல்ட் அரைக்கும். கையால அடிச்சா அப்படியே வச்சு, படிச்சுப் படிச்சு ஓட்டும். கொஞ்சம் மெதுவா ஓடும், அவ்வளவுதான். அக்கா பெல்ட்டுல அரைச்சு வைக்கணும்னு நெனச்சேன்…"

"அதுக்கும் சோம்பேறித்தனம்," என்றேன்.

"ஆமால. அதுக்கும்."

யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வந்தது. கோப்பிலிருந்து வந்ததெல்லாம் மாவு, அது ஏற்கனவே எங்கள் கையில் இருக்கிறது. கையால் அடித்ததெல்லாம் அரிசி, அதுதான் எங்களுக்கு வேண்டும். எது தொலைந்ததோ அது மட்டும் படிக்கும்படி இருந்தது. ஒழுங்கான என்ஜினீயராக இருந்திருந்தால் அவர் எல்லாவற்றையும் அரைத்திருப்பார்.

அன்று பகல் முழுவதும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பெயரையும் சொல்லிக் கேட்டோம். அரிசியாக வந்ததையெல்லாம் கோப்பில் ஏற்றினோம். நடுவில் அவள் டீ கேட்டாள், வாழைப்பழம் கேட்டாள், கூலி உயர்வு பற்றிப் போனில் ஒரு முதலாளியைத் திட்டினாள். பெல்ட் எதற்கும் நிற்கவில்லை.

எடுத்தாகிவிட்டது. ஆனால் அதைப் பொதியாகக் கட்ட முடியவில்லை. நிரல் முழுவதும் அவள் இருந்தாள். அவள் எடை, அவள் வேர்வை, அவள் குடிக்கும் தண்ணீர். அவசரத்தில் அடித்தவர் எண்ணை எண்ணாகவே அடித்திருந்தார்.

"இதை அப்படியே அனுப்பினா," என்றேன், "கட்டுறவன் எல்லாம் பேச்சிக்கனியாத்தான் வேர்ப்பான்."

"வேர்க்கட்டும். ஒழுங்கா வேலை பாப்பான்," என்றாள் அக்கா. "என் எடை ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரக் கூடாது. மத்தபடி என்ன வேணும்னாலும் செய்ங்க."

இரண்டு நாள் அவளை நிரலிலிருந்து வெளியே எடுத்தோம். எண் இருந்த இடத்தில் கேள்வி வைத்தோம். கட்டுகிறவரின் எடை என்ன, என்ன வேலை, நிழலிலா வெயிலிலா. பெல்ட் முதல் நாளே கேட்டுக்கொள்ளும். ஒரே ஓர் எண்ணில் நானும் தனசிங்கும் முட்டிக்கொண்டோம். உச்சி வெயிலில் எவ்வளவு நேரம் தண்ணீர் இழுப்பதை நிறுத்தி வைக்கலாம் என்பது. அது அக்காவின் உடம்பா, எல்லா உடம்புமா? எல்லா உடம்பும் என்றார் அவர். உமக்கு எப்படித் தெரியும் என்றேன் நான். தொட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. தொட்டியை நான் நம்பவில்லை. தொட்டிக்கு மயக்கம் வராது.

களஞ்சியம் தொடங்கும்போதே சங்கத்தில் ஒரு விதி வைத்திருந்தோம். எந்தப் பொதியும் வெளியே போவதற்கு முன், சங்கத்து ஆள் ஒருவர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் வேலையை நிறுத்தச் சொல்லும் வெப்பச் சங்கு ஊதும்வரை பாத்தியில் நின்று வேலை செய்ய வேண்டும். சின்னத் திருத்தமாக இருந்தாலும் இதுதான். யார் கட்டுவது என்பதில் பேச்சே இல்லை. மஞ்சள் விளக்கு ஆரஞ்சாகியிருந்தது.

அக்காவின் பெல்ட்டை நிறுத்தினால் அதற்குள் இருப்பது போய்விடும். நாங்கள் ஏதாவது ஒன்றைக் கேட்க மறந்திருந்தால், அது இனி உலகத்தில் எங்கும் படிக்கக் கிடைக்காது.

"இன்னொரு தடவை முழுசாக் கேட்டுப் பார்ப்போம்," என்றேன்.

"நாலு தடவை கேட்டாச்சு," என்றார் தனசிங்.

"அந்த எண்ணு—"

"எண்ணு சரி!"

"ஃபைலும் சரின்னுதான சொன்னீரு!"

டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா பேட்டரியை உருவிக் கையில் வைத்திருந்தாள். ஒன்பது வருடமாக ஓடிய பம்பின் முனகல் நின்றுபோனது. அப்படியொரு சத்தம் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"சண்டையை அப்புறம் போடுங்க," என்றாள். "புதுசை மாட்டுல."

புதுப் பேட்டரியை எடுத்தேன். மாட்டினேன். பெல்ட் விழித்தது, யாரிடம் கேட்பது என்று தேடியது, எங்களிடம் கேட்டது. பம்பு லைப்ரரி ஏறியது. உப்பு ஏறியது. தண்ணீர்க் கணக்கு ஏறியது. கடைசியாக வேர்வை, இந்த முறை கோப்பிலிருந்து அரைத்த மாவாக. எடை கேட்டது. அக்கா என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுத் தானே அடித்தாள்.

மறுநாள் பாத்திக்குப் போனோம். சொல்லி அனுப்பவில்லை, ஆனாலும் வரப்பு முழுக்க ஆள். பெல்ட் கட்டியவர்கள், கட்டியவர்களின் வீட்டுக்காரர்கள். டாக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு அழுத்தமானியோடு நின்றார். தனசிங் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிக் கழற்றிப் போட்டார். அக்கா பலகையை எடுத்துக்கொண்டு இறங்கி, என்றும் போல உப்பை இழுத்து வரப்பில் குவித்தாள்.

வெயில் ஏறியது. வெள்ளைத் தரையிலிருந்து கண்ணுக்குள் அடித்தது. அக்காவின் சட்டை முதுகில் நனைந்து, பிறகு உப்புப் பூத்து வெளுத்தது. தொட்டியில் சிவப்பு எரிந்த நேரம் வந்தது. என் கையிலிருந்த திரையில் ஒரு கோடு மட்டும் பார்த்தேன். உடம்பிலிருந்து பெல்ட் இழுக்கும் தண்ணீர். அது இறங்கியது. இன்னும் இறங்கியது. தரையைத் தொட்டு அப்படியே படுத்தது. பெல்ட் இழுப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கத்தினார் டாக்டர்.

"கால் சுடுது!"

"தலை சுத்துதா?"

"உங்களையெல்லாம் பாத்தாத்தான் சுத்துது! வேல வெட்டி இல்லையா யாருக்கும்?"

வரப்பில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் செருப்போடு பாத்தியில் இறங்கி, அவள் கையில் பட்டையைச் சுற்றி அமுக்கினார். எண்ணைப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை அமுக்கினார். பிறகு எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். சங்கு ஊதியது. ஊதியதும் எல்லோரும் நிழற்கொட்டகைக்கு ஓட வேண்டும், அது சட்டம். ஒருவரும் ஓடவில்லை. வரப்பு முழுக்கக் கத்தினார்கள், விசிலடித்தார்கள். சுடலைமணி அண்ணனின் மகள் உப்பைக் கையால் அள்ளி ஆகாயத்தில் எறிந்தாள். தனசிங் வரப்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். தோளில் கை போடவெல்லாம் இல்லை.

"எண்ணு சரிதான் அண்ணாச்சி," என்றேன்.

"போல அங்கிட்டு," என்றார்.

சாயங்காலமே பொதியைத் திறந்துவிட்டோம். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தினால் கோப்போடு அனுப்ப வேண்டும். அந்த வாரம் முழுவதும் கிட்டங்கி வாசலில் கூட்டம். பேட்டரி மாற்றினோம், பொதியை ஏற்றினோம், அடுத்த ஆளைக் கூப்பிட்டோம். கோளாறு என்று ஒருத்தர்கூடத் திரும்பி வரவில்லை. வேதாரண்யத்துக்கு உப்பு லாரியில் பென்டிரைவ் போனது. மரக்காணத்துக்காரர்கள் நேரே களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கடல் தாண்டிப் புத்தளத்திலிருந்து ஒருவர் திருத்தம் அனுப்பினார். அங்கே காற்றில் ஈரம் அதிகமாம், வேர்வை காயாதாம். கோப்போடு அனுப்பியிருந்தார். தனசிங் அதை மூன்று முறை படித்துவிட்டு, நம்மைவிட ஒழுங்கான ஆள் என்றார். புத்தளத்துப் பதிப்பும் ஓர் உச்சி வெயில் தாண்டி வெளியே போனது.

பிறகு ஒரு மத்தியானம், எடுத்தவர்களின் பட்டியலைத் தனசிங் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பெயர் தெரியாத ஊர்கள். செம்புச் சுரங்கம், கரும்புத் தோட்டம், துறைமுகம். எல்லாம் வெயில் ஊர்கள். எல்லாமே ஒரே முகவரி வழியாக எடுத்திருந்தன. அவர் விரல் அந்த முகவரியில் நின்றது.

"கம்பெனி," என்றார். "நான் உக்காந்திருந்த மாடி."

களஞ்சியத்தின் கேள்விப் பக்கத்தில் அதே முகவரியிலிருந்து ஒரு கேள்வியும் வந்திருந்தது. மிரட்டல் இல்லை, வக்கீல் இல்லை. யாரோ ஓர் என்ஜினீயர். வெப்ப நாடுகளுக்கு ஒத்துவராது என்று தாங்கள் கைவிட்ட பெல்ட்டுகள் இந்தப் பொதியோடு ஓடுகின்றன, மத்தியானம் யாரும் விழுவதில்லை, மேலதிகாரிகளுக்கு இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: வேர்வைக் கணக்கு எங்கள் கோப்புகள் எதிலும் இல்லை. எந்த ஆய்வுக்கூடத்தில் எடுத்தீர்கள்?

"வழியை அடைச்சிருவமா?" என்று கேட்டேன். "சுடலைமணி அண்ணன் செத்தது இவனுங்களாலதான்."

அக்கா திரையைப் பார்த்தாள். கேள்வியை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"ஏல, சுரங்கத்துல நிக்கிறவனா கம்பெனிக்காரன்?" என்றாள். "அடைக்காத. கேட்டவனுக்குப் பதிலைப் போடு."

"என்னன்னு போட?"

"உப்பளத்துலன்னு போடு."

அடித்தேன். தனசிங் குனிந்து ஒரு முறை படித்துவிட்டு, அனுப்பும் பொத்தானைத் தானே அமுக்கினார்.